அந்த வீரர் போவாரா, இருப்பாரா?

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குப் புது மேலாளரும் பயிற்சியாளரும் வந்தால், ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் போய்விடுவார் என்றே முதலில் கணிப்பேன். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இவர்கள் இல்லையே!

2021 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸில் மேலாளராக பிராட் ஹோம்ஸும் பயிற்சியாளராக டான் கேம்பலும் பொறுப்பேற்றார்கள். அங்கே 12 பருவங்கள் ஆடிய குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை அந்த மாதமே ராம்ஸ் அணிக்குக் கொடுக்க முடிவானது (அவரும் விலகவே விரும்பினார்). பதிலுக்குப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் (முதல் சுற்றில் இரண்டு, மூன்றாம் சுற்றில் ஒன்று), கூடவே ராம்ஸின் குவார்ட்டர்பேக் ஜேரட் காஃப். ராம்ஸ் வேண்டாம் என்று தள்ளிவிட்டவர். அடுத்து மாற்றப்படப்போவது இவர்தான் என்று அடித்துச் சொன்னேன்.

தவறு. 2024 ஜனவரியில் அதே ராம்ஸை 24-23 என வீழ்த்தி, 32 ஆண்டுகளுக்குப் பிறகு லயன்ஸுக்கு பிளேஆஃப் வெற்றி தந்தார் காஃப். அரங்கமே அவர் பெயரை முழங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.