எனக்கு என்ன பீரியட்?



செப்டம்பர் கடைசியில் ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள மோட்டார்ஹோம் வேனை வாடகைக்கு எடுத்து, டிரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை மோசல் ஆற்றோரமாகப் பயணம். சைக்கிள் பாதை சுமார் 200 கி.மீ. ஆற்றை ஒட்டியே போவதால் பெரிய மேடு கிடையாது. வண்டி 3.5 டன்னுக்குள் இருந்தால் மாப்பிள்ளையின் கார் லைசென்ஸே போதும்.

முப்பது வருடம் புவியியல் நடத்தியவன் நான். பிரெம் ஊரில் கால்மோன்ட் மலை சுமார் 65 பாகை சரிவு. அதிலும் திராட்சை பயிரிடுகிறார்கள். அங்குள்ள சிலேட்டுப் பாறை பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்கும். பார்க்க வேண்டாமா?

பள்ளி டைம்டேபிள் மாதிரி ஏழு நாளுக்கும் கட்டம் போட்டேன். நானும் மகளும் தினம் 30 கி.மீ. சைக்கிள். மாப்பிள்ளை வேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல எனக்கு என்ன பீரியட்? அங்கேயும் சமையல்தானா?"

என்னிடம் பதில் இல்லை. அவருக்கு மூட்டு வலி என்று நானே முடிவு செய்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கட்டங்களை அழித்தேன். இப்போது மூன்று நாள்தான் சைக்கிள். மற்ற நாள்கள் அவர் விருப்பம்: கோகெம் கோட்டை, படகு, ஜன்னலோர இருக்கை. வேனில் சமையல் என் பொறுப்பு. 200 கி.மீ. முடியாது, பரவாயில்லை.

நல்ல ரசம் வைக்கத் தெரிந்தவர்கள், முக்கியமாகப் பையன்கள், பக்குவம் எழுதுங்கள். சார் பழக வேண்டும்.