நான்காமவர்

சிலாங்கூர் மாநிலத்துக் கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு நிலப்பரப்பினின்றும் பிரித்து வைத்த கேரித் தீவில், செம்பனை மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. மாமேரிப் பழங்குடியினர் வாழ்ந்துவரும் அத்தீவில், தோட்டத் தொழிலுக்கென வந்த தமிழரும் வேரூன்றினர். இன்று பாலமொன்று தீவைக் கரையோடு இணைக்கிறது. நலமுள்ளவர்க்குக் கிள்ளான் செல்வது எளிய பயணமே. ஒரே நாளில் பத்து முறை கழிப்பறையை நாட நேரும் பதினைந்து வயது மாணவனுக்கோ, அவ்வழியின் ஒவ்வொரு மைலும் ஒரு காதம். சிறுவர் குடல்நோய் வல்லுநரைக் காண அவன் கோலாலம்பூர்வரை செல்லவும் நேரலாம்.

நாட்பட்ட குடல் அழற்சி நோய் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று, 1932-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பரில் குரோனும் அவர்தம் துணைவர் இருவரும் விளக்கியுரைத்த குரோன் நோய்; மற்றொன்று, பெருங்குடற் புண் அழற்சி. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் நெறிதவறிக் குடலையே தாக்குவதால் வயிற்றுவலி, குருதி கலந்த பேதி, சோகை, சோர்வு ஆகியவை தோன்றுகின்றன. வளரும் பருவத்தில் உயரமும் தடைப்படலாம். இது தொற்றுநோயன்று, காரக்குழம்பு ஆக்கிப் போட்ட தாயின் குற்றமுமன்று. பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில் 2011 முதல் 2013 வரை நடந்த ஆய்வில், மலாய்க்காரர், சீனர் ஆகியோரைவிட இந்தியரிடையே இந்நோய் மிகுந்து காணப்பட்டது. ஆதலின், நம் வகுப்பறைகளுக்கு இஃது அயலார் நோயன்று.

இளைஞனை நோயினும் மிகுதியாக வருத்துவது நாணமே. வகுப்பில் எழுந்து அனுமதி கேட்க அஞ்சி, காலையில் உண்ணாமலே பள்ளிக்கு வருவான். ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பினால் தோழர் நகைப்பரென எண்ணி, மாத்திரையை மறைத்து எறிவான். நோய் தணிந்திருக்கும் காலத்தில், குணமாயிற்றெனக் கருதி மருந்தை நிறுத்துவான். நோயோ மீண்டும் சீறி எழும்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக்குறள் மருத்துவத்தை நால்வகையாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றனோடு, அருகிருந்து துணைசெய்பவரையும் வள்ளுவர் சேர்த்தெண்ணினார். அந்த நான்காமவர் வீட்டில் பெற்றோர், பள்ளியில் ஆசிரியர்.

பெற்றோர் உணவு வேளைதோறும் வயிற்றைப் பற்றி வினவுதலைத் தவிர்க்கலாம். மருந்து உண்ணும் பொறுப்பையும், மருத்துவரிடம் தன் நோயைத் தானே எடுத்துரைக்கும் பழக்கத்தையும் சிறிது சிறிதாக அவனிடமே ஒப்படைக்கலாம். ஆசிரியர் செய்யத்தக்கதோ இன்னும் எளிது: கதவருகே ஓர் இருக்கை, கேளாமலே வெளியே சென்றுவர ஓர் உடன்பாடு, விடுபட்ட பாடத்தைப் பின்னர்க் கற்பிக்கும் பொறுமை. எஸ்.பி.எம். தேர்வு நெருங்குமுன்பே மருத்துவச் சான்றுடன் பள்ளி நிருவாகத்தை அணுகித் தக்க ஏற்பாட்டைக் கோருதலும் நன்று.

இவற்றுள் எதற்கும் பொருட்செலவில்லை. எனினும், மருந்தை ஒழுங்காக உண்ணும் மனவுறுதியும், நாள் தவறாமல் பள்ளிக்கு வரும் துணிவும் பெரும்பாலும் இவற்றாலேயே அவனுக்கு வாய்க்கின்றன. குறளைக் கற்பிக்கும் ஆசிரியர், அந்த நான்காமவரின் இடத்தில் தாமே நின்று காட்டுவாராக.