மூணு கிலோ புளி

அடுத்த வாரம் செமஸ்டர். படிக்க உட்கார்ந்தால் மட்டும் வேறு ஏதாவது ஞாபகம் வந்து தொலைப்பது என் ஜாதகம். இந்தத் தடவை ஞாபகம் வந்தது மூணு கிலோ புளி.

என் பெரியம்மா மகளுக்குப் போன வருஷம் தை மாசம் பென்னாகரத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். வேலை, குடியுரிமை எல்லாம் வெளிநாட்டில். எந்த நாடு என்று எழுதக் கூடாதென்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ஃபைல் இன்னும் அவங்க மேஜை மேலதான்டா இருக்கு, நீ எதையாவது எழுதித் தொலைக்காதே" என்கிறாள். பென்னாகரத்துப் பையன் தமிழில் எழுதுவதை உட்கார்ந்து படிப்பதுதான் அவர்களுக்கு வேலையாக்கும் :) ஆனாலும் அவள் பயத்துக்கு மரியாதை கொடுத்து 'அந்த நாடு' என்றே எழுதுகிறேன். கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள்.

கல்யாணம் முடிந்து மூன்று வாரத்தில் மாமா கிளம்பிப் போனார். போன கையோடு மனைவிக்கான விசாவுக்கு மனுப் போட்டார். ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும் என்றார்கள். அதுவரை இவர்கள் நிஜமாகவே புருஷன் பெண்டாட்டிதான் என்று காகிதத்தில் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்திரிகை, பதிவுச் சான்றிதழ் (2009-லேயே தமிழ்நாட்டில் கல்யாணப் பதிவைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்துவிட்டது, பலர் இன்னும் செய்வதில்லை), போன் பேசிய கணக்கு, பணம் அனுப்பிய ரசீது, போட்டோ. இந்தப் போட்டோவில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஊர் ஸ்டுடியோ ஆல்பத்தில் ரெண்டு பேரும் ஒகேனக்கல் அருவிக்கு மேலே கைகோர்த்து மிதந்துகொண்டிருப்பார்கள். அடுத்த பக்கத்தில் ரோஜாப்பூவுக்குள்ளே உட்கார்ந்திருப்பார்கள். மாமா வைத்திருந்த வக்கீல் பார்த்துவிட்டு, தயவுசெய்து தரையில் நிற்கிற படமாக அனுப்புங்கள் என்றாராம். கடைசியில் போனது, பந்தியில் எங்க ஆயா அக்காவுக்கு லட்டு ஊட்டுகிற படம். அதில் ஓரமாக நானும் அப்பளத்தோடு இருக்கிறேன். சர்வதேச ஆவணத்தில் என் மூஞ்சி!

பத்து மாசம் போச்சு. அக்கா பெங்களூரில் வேலை பார்த்தவள். கம்பெனி வேலையாக ஒருமுறை அந்த நாட்டுக்குப் போக எடுத்த விசிட்டர் விசா இன்னும் காலாவதியாகாமல் இருந்தது. மூணு வாரம் லீவு போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்று தோன்றியிருக்கிறது. மாமா யோசித்தார். "தெரிஞ்சவங்க நிறையப் பேரு போயிட்டு வந்துருக்காங்க" என்று அக்காவே சமாதானம் சொன்னாள். ரிட்டர்ன் டிக்கெட், ஆபீசில் லீவு கொடுத்த கடிதம் எல்லாம் கையில். ஒரு பொய் இல்லை, ஒரு மறைப்பு இல்லை.

பெட்டி கட்டியது பெரியம்மா. அதுதான் வினை.

அங்கே இறங்கி வரிசையில் நின்றிருக்கிறாள். யாரைப் பார்க்க வந்தாய் என்றதற்கு, என் கணவரை என்றிருக்கிறாள். உடனே தனி அறை. போனை வாங்கிக்கொண்டார்கள். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே கேழ்வரகு மாவு, ஒரு காமாட்சி விளக்கு, தோட்டத்து மரத்துப் புளி மூணு கிலோ, கொட்டை எடுத்து உப்புப் போட்டு உருட்டியது. போதாததற்கு அக்காவின் டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினல். அங்கே ஒரு காலேஜில் காட்டி விசாரிக்கலாம் என்று மாமா சொன்னதால் எடுத்துப் போயிருக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு வருகிறவளுக்கு எதற்கு இவ்வளவு புளி என்று அந்த அதிகாரி கேட்டிருக்கிறார். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மா வைத்தது என்றாளாம். நம் ஊரில் இதைவிடச் சரியான பதில் உண்டா? ஆனால் அந்த அறையில் அது எடுபடவில்லை. நீ தங்கத்தான் வந்திருக்கிறாய், அதற்கான விசா இன்னும் வரவில்லை, வந்ததும் வா என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே வர விண்ணப்பித்ததைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு தாளில் கையெழுத்து. போடாவிட்டால் சில வருஷம் தடை வரலாம் என்றார்களாம். போட்டாள். விசிட்டர் விசாவின் மேல் ரத்து முத்திரை. யாரும் அதட்டவில்லை, ஒருவர் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார் என்று நியாயமாகவே சொல்வாள். கதவுக்கு அந்தப் பக்கம் மாமா ஒன்பது மணி நேரம் நின்றிருக்கிறார். ஒரே ஒரு போன் பேச விட்டார்கள். "சாப்பிட்டியா"ன்னு கேட்டார்டா, வேற ஒண்ணும் பேச முடியல என்றாள். அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

பெரியப்பாவும் நானும் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் எடுத்துப் போய்க் கூட்டி வந்தோம். அத்திப்பள்ளி தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஓசூரில் டீ குடிக்க நிறுத்தினபோது, "ஊர்ல என்னன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு அந்தக் கேள்வி முதலில் புரியவில்லை. ஊருக்கு வந்தபிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணைத் 'திருப்பி அனுப்பிட்டாங்க' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இமிக்ரேஷன் என்றெல்லாம் ஊருக்குத் தெரியாது. புருஷன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டான், அவ்வளவுதான். தெருவில் ஒரு பாட்டி வந்து பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, பையன் அங்க வேற யாரையாச்சும் வச்சிருக்கானா?" என்று அழுதே விட்டார். மாமா தினமும் வீடியோவில் வருவார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெரியம்மா போனை நீட்டி, "மாப்பிள்ளைகிட்ட பேசுங்க" என்பாள். பாவம், அவரும் யாரென்றே தெரியாதவர்களிடம் எல்லாம் நல்லா இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கும் ஒரு ஃபைல் தயார் செய்ய வேண்டியிருந்தது.

விதி என்று பார்த்தால் அந்த அதிகாரி மேல் தப்பில்லை. விசா என்பது வாசல்வரை வரத்தான், உள்ளே விடுவது வாசலில் நிற்பவர் முடிவு என்பது பெரும்பாலான நாடுகளில் வழக்கம். அமெரிக்கச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. தற்காலிகமாக வருகிறேன் என்று சொல்கிறவரையும் (சில விசாக்களுக்கு மட்டும் விலக்கு) நிரந்தரமாகத் தங்க வந்தவர் என்றே முதலில் வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது வருகிறவர் பாடு. கனடா சட்டம் கொஞ்சம் இளக்கம். பின்னால் குடியேறும் எண்ணம் இருந்தாலும், கெடு முடிந்ததும் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்குத் தோன்றினால் விடலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 'தோன்றினால்'தான். எண்ணத்தை எந்த ஸ்கேனரில் பார்ப்பது? கடைசியில் புளியைத்தான் பார்க்கிறார்கள்.

நான் பி.ஏ. வரலாறு. இதற்கு நடுவில் எனக்கு வந்த செமினார் தலைப்பு தில்லையாடி வள்ளியம்மை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒரு பக்கம் படித்திருப்போம். தென்னாப்பிரிக்கா, சிறை, 16 வயதில் மரணம். போராட்டம் எதற்காக என்று கேட்டால் 'உரிமைக்காக' என்று எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருப்போம். அதன் ஆரம்பங்களில் ஒன்று கப்பலில் வந்திறங்க விடாத ஒரு மனைவி என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அவர் பெயர் பாய் மரியம். கணவர் ஹசன் ஈசோப் தென்னாப்பிரிக்காவில் குடியிருந்தவர், ஊருக்கு வந்து இஸ்லாமிய முறைப்படி கட்டிக்கொண்டு மனைவியை அழைத்துப் போகிறார். இறங்க அனுமதியில்லை என்கிறார்கள். வழக்கு கேப் மாகாண நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி மால்கம் சர்ல் தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் சடங்குப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டில் கல்யாணமே இல்லை, ஆகவே இவர் மனைவியும் இல்லை. அந்தக் காலத்தில் இந்து வழக்கத்திலும் பலதாரம் உண்டு. ஆக, ஒரே தீர்ப்பில் அங்கே இருந்த இந்திய வீடுகளில் பெரும்பாலான பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றாகிவிட்டார்கள்.

அதுவரை பெண்களைச் சிறைக்கு அழைக்காமலே இருந்தார் காந்தி. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அது மாறியது. செப்டம்பரில் கஸ்தூரிபா உட்பட 16 பேர் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து மூன்று மாதம் கடுங்காவல் பெற்றார்கள். இன்னொரு பக்கம் டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள், ஒருவர் தவிர எல்லாரும் தமிழர், சிலர் இடுப்பில் கைக்குழந்தை. இவர்கள் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கைதாக வேண்டுமென்றே வெரீனிகிங் பக்கம் எல்லையைத் தாண்டுகிறார்கள். போலீஸ் பிடிக்கவில்லை! லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கூவி விற்றுப் பார்க்கிறார்கள். அப்போதும் பிடிக்கவில்லை. சரி என்று நேட்டாலில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மேல் போட்டிருந்த 3 பவுண்டு வரிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யச் சொல்கிறார்கள். தொழிலாளர்கள் நிஜமாகவே சுரங்கத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். அப்புறம்தான் அரசாங்கத்துக்கு இந்த 11 பேர் கண்ணில் பட்டார்கள். மூன்று மாதம் சிறை. நவம்பரில் அந்தத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக ஆயிரக்கணக்கில் எல்லையைக் கடந்து நடந்தார்கள்.

வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். சிறையில் காய்ச்சல் பிடித்து, வெளியே வந்த கொஞ்ச நாளில் 1914 பிப்ரவரி 22-ல் இறந்தார். அந்த வருஷமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ஒழித்தது, நம் கல்யாணங்களையும் ஒப்புக்கொண்டது. ஒருவருக்கு ஒரு மனைவி என்ற கணக்கில்.

செமினார் நோட்ஸை அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அவங்களை, நீ பொண்டாட்டி இல்ல, அதனால உள்ள வராதேன்னு சொன்னாங்க. என்னை, நீ பொண்டாட்டி, அதனால உள்ள வராதேன்னு சொன்னாங்க" என்றாள். செமினாரில் இதை என் சொந்தக் கருத்து மாதிரிச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். மன்னிச்சுக்கக்கா.

இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதை அவளிடம் காட்டவில்லை. 1979 ஜனவரி 24, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். இந்தியாவிலிருந்து 35 வயது ஆசிரியை ஒருவர், அங்கே இருக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்திறங்குகிறார். மனைவி என்றால் ஊரிலேயே வரிசையில் காத்திருந்து அனுமதி வாங்கி வர வேண்டும். கட்டிக்கொள்ளப் போகிறவள் என்றால் அப்போது அது தேவையில்லை. இவர் ஏற்கெனவே கல்யாணம் ஆனவராக இருப்பாரோ என்று அதிகாரிக்குச் சந்தேகம். கல்யாணம் ஆகவில்லை என்று நிரூபிக்க மருத்துவரை விட்டுக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். கார்டியன் பத்திரிகையில் வந்து ரகளையானதும் நிறுத்தினார்கள். பிற்பாடு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் பழைய அரசு ஃபைல்களைத் தோண்டியபோது, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகங்களிலும் பல பெண்களுக்கு இது நடந்தது 2011-ல் வெளியே வந்தது. புளியோடு போச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரும் மாநில எல்லைதான். மே மாசம் அக்காவைக் கட்டாயப்படுத்தி ஒகேனக்கல் கூட்டிப் போனேன். பரிசலில் போகும்போது, "கர்நாடகா எங்கண்ணா ஆரம்பிக்குது?" என்று பரிசல்காரரிடம் கேட்டாள். அவர் துடுப்பாலேயே எதிர்க்கரைப் பாறையைக் காட்டி, "அதாம்மா" என்றார். 2008-ல் குடிநீர்த் திட்டத்துக்காக ரெண்டு மாநிலமும் முறுக்கிக்கொண்டு நின்ற இடம். பரிசல் அந்தப் பாறையை உரசித் திரும்பியது. அக்கா கையை நீட்டிப் பாறையை ஒரு தட்டு தட்டிவிட்டு, "வந்துட்டேன், எழுதிக்க" என்றாள். ஊர் திரும்பி வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அந்தப் பெட்டி இத்தனை மாசமும் பெரியம்மா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பிரிக்காமலே கிடந்தது. மாவு வண்டு பிடித்துக் கொட்டியாச்சு. புளியை மட்டும் பெரியம்மா தொடவே இல்லை. வீட்டில் மரத்தை வைத்துக்கொண்டு, கடையில் புளி வாங்கிக் குழம்பு வைத்தாள். "நான் வச்ச புளியாலதான் எம் பொண்ணு திரும்பி வந்தா" என்பாள். இல்லை பெரியம்மா, அது சட்டம் என்று நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ரசம் வாசனை வாசலிலேயே வந்தது. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. இன்டர்வியூவுக்குத் தேதி வந்துவிட்டதாம், பம்பாய் போக வேண்டுமாம், அக்கா போனில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புளியா என்று கேட்டேன்.

"ஆமாண்டா கண்ணு. இந்த வருஷத்துப் புளி வந்துடுச்சுல்ல, பழசைத் தீர்க்கணுமே" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள் பெரியம்மா.