மலர் என்று பதிந்தேன்

நான் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. பூலாம்பாடி பக்கம், பச்சைமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. நான்கும் ஐந்தும் இன்னொரு ஆசிரியரின் பொறுப்பு. என்னைவிட மிக இளையவர், அவரைத் தம்பி என்றே சொல்வேன். 2023 ஜூனில், வாசிக்கத் தெரியாத ஒரு மூன்றாம் வகுப்புப் பையனுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும் என்று அரசுப் பதிவில் ஏற்றினேன். அவனை நான் சோதிக்கவே இல்லை. பிள்ளைகளைச் சோதித்துப் பதிகிற செல்போன் ஆப்பை இயக்க எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். காரணம் இவ்வளவுதான்.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. இடையில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் மீட்கத்தான் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தையும் எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கக் கூடாது என்பது இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, எல்லாவற்றுக்கும் மேலே மலர் என்று நிலை பிரிக்க வேண்டும். எந்த வகுப்பில் படித்தாலும் அவரவர் நிலையிலிருந்து சொல்லித்தர வேண்டும். ஆகவே நிலையைச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஆசிரியர் போனில் ஆப்பைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையாக அருகில் உட்காரவைத்து, வருகிற கேள்வியைக் கேட்டு, பதிலைப் பார்த்துப் பதிய வேண்டும். அதை நான் செய்யவில்லை.

வட்டார வள மையத்தில் பயிற்சி கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நேற்று வேலைக்கு வந்த பிள்ளைகள் எழுந்து சந்தேகம் கேட்டார்கள். பாஸ்வேர்டு தாண்டியதும் எங்கே தொடுவது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த பெண் “வருதா டீச்சர்?” என்றாள். “வருது” என்றேன். பள்ளியில் தம்பியிடம் கேட்டிருக்கலாம். நான் தலைமை ஆசிரியை, அவரிடம் போய்க் கேட்பதா என்ற எண்ணம் தடுத்தது. வெளியே மட்டும் வேறு பேசினேன். வருகைப் பதிவுக்கு ஆப், எல்லாவற்றுக்கும் ஆப், பாடம் நடத்த நேரம் எங்கே என்று சத்தமாகக் கேட்டேன். எத்தனையோ ஆசிரியர்கள் உண்மையாகவே படுகிற சிரமம் அது. அந்தச் சிரமத்துக்குப் பின்னால் என் அறியாமையை ஒளித்துக்கொண்டேன்.

கடைசித் தேதிக்கு முந்தைய இரவு. கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் போனைக் கொடுத்தேன். அவள் பெயர்களை வாசித்தாள். நான் வெங்காயம் உரித்தபடியே பதில் சொன்னேன். “இந்தப் பையன்?” “அவன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். எல்லாம் சரின்னு போடு.” திரையில் கேள்விகள் வந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, “கேட்காம போடலாமாம்மா?” என்றாள். “எனக்குத் தெரியாத பிள்ளைகளா?” என்றேன். சாப்பாட்டு நேரத்துக்குள் மொத்த வகுப்பும் முடிந்துவிட்டது. பொய் சொல்ல அவளுக்கு நான் அன்று கற்றுக்கொடுத்தேன். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவன் கையெழுத்து உண்மையிலேயே அழகு. கரும்பலகையில் இருப்பதைப் புள்ளி பிசகாமல் நோட்டில் இறக்கிவிடுவான். பாடத்தைக் காதால் கேட்டே ஒப்பித்துவிடுவான். எழுத்துகளை அவன் வரைந்துகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தையை வரிசை மாற்றிக் காட்டிக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஆப்பில் கேள்விகளை வைத்திருந்தார்கள். அவன் மலர் ஆனான். அரும்பு நிலையில் ‘அ’விலிருந்து தொடங்கியிருக்க வேண்டியவன், பக்கத்துப் பிள்ளையின் பயிற்சி நூலைப் பார்த்து ஒரு வருடம் ஓட்டினான்.

அதே 2023இல், பி.எட். மாணவர்களை அனுப்பி இந்த வகுப்புகளை மதிப்பிடப் போவதாகப் பேச்சு வந்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. படிப்பையே முடிக்காதவர்கள் ஆசிரியரை எடைபோடலாமா என்று கேட்டன. நியாயமான கேள்வி. நானும் அதையே கேட்டேன். ஆனால் எனக்கு இருந்தது நியாயம் இல்லை, பயம். யாராவது வந்து அந்தப் பையனை வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். என் பதிவு பொய் என்பது எனக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்தப் பயமே சாட்சி.

அவன் நான்காம் வகுப்புக்குப் போனான். சில வாரங்களில் தம்பி தயங்கித் தயங்கி, “டீச்சர், இவனுக்கு வாசிப்பு வரலையே” என்றார். “கூச்ச சுபாவம். உங்களுக்குப் பேச வைக்கத் தெரியல” என்றேன். அவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பையனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இரண்டாவது வாய்ப்பையும் நானே அடைத்தேன்.

அவன் அப்பா மலேசியாவில் வேலை பார்க்கிறார். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அம்மா கூலிக்குப் பருத்தி எடுப்பார். கொஞ்சம் மக்காச்சோளம் உண்டு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் நன்றாகப் படிக்கிறான் என்று நான் சொன்னதை நம்பி, வீட்டுக்கு வருகிற கடிதங்களையெல்லாம் அவனிடம் கொடுத்தார். தோட்டை அடகு வைத்திருந்த இடத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, “வட்டி கட்டச் சொல்லிருக்காங்க” என்றான். அடுத்ததற்கும் அதையே சொன்னான். சோளம் அடித்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று அம்மா இருந்துவிட்டார். ‘ஏலம்’ என்ற ஒரு சொல்லை அவன் எழுத்துக்கூட்டியிருந்தால் போதும். கைமாற்று வாங்கியாவது மீட்டிருப்பார். தோடு போய்விட்டது.

அவனை அடித்துவிட்டுத்தான் என்னிடம் கூட்டிவந்தார். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அழவில்லை, தரையைப் பார்த்து நின்றான். “டீச்சர், நீங்கதான நல்லா படிக்கிறான்னு சொன்னீங்க?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “வீட்ல உட்கார வச்சுப் படிக்க வைக்கணும்மா. ஸ்கூல்ல நாங்க எவ்வளவுதான் பார்க்கிறது?” என்றேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயிடம் அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். தப்பு தன்னுடையதுதான் என்று நம்பிக்கொண்டு போனார். அந்த இரவுப் பொய்யைவிட இதை நான் பெரிய குற்றமாக நினைக்கிறேன். முதலாவது சோம்பலும் கர்வமும் கலந்தது. இது தெரிந்தே செய்தது.

அவன் வாசிக்கத் தெரியாததை மறைத்தான். எனக்கு ஆப் தெரியாததை நான் மறைத்தேன். அவனுக்கு வயது ஒன்பது.

பிறகுதான் தம்பியிடம் போனை நீட்டி, எனக்கு இது தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்றேன். ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வியைத் திறந்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தான். என் உதடு எந்தப் பக்கம் அசைகிறது என்று தேடினான். அவன் அத்தனை நாளும் வாசித்த விதம் அதுதான். ‘படம்’ என்ற சொல்லில் ‘ப’ மட்டும் சொன்னான்.

அவன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை முழுதும் அவன் அம்மாவிடம் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. தோட்டுக்குப் பணம் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

அவன் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறான். பள்ளி விட்டதும் என்னோடு உட்காருகிறான். இரண்டு மூன்று எழுத்துச் சொற்களை வாசிக்கிறான். நீளமான சொல் வந்தால் நின்றுவிடுகிறான். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அதற்குள் சரளமாகிவிடுவான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள். எனக்கு வந்த கைக்கணினியை இப்போது நானே இயக்குகிறேன். சோதித்த பிறகே பதிகிறேன். ஆனால் அன்று இரவு அவன் ஒருவன் பெயரை மட்டும் நான் சொல்லவில்லை. வகுப்பு முழுவதற்கும் அப்படித்தான் பதிந்தேன். பள்ளியில் இருப்பவர்களை மறுபடி சோதித்துவிட்டேன். இன்னும் ஒரு பெண் பிள்ளையின் நிலையும் தவறாக இருந்தது. டி.சி. வாங்கிக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போன பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய பெற்றோரின் எண்கள் என்னிடம் இருக்கின்றன. இருவரைத்தான் இதுவரை அழைத்திருக்கிறேன்.