வலை வேலி

சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் கடலை ஒட்டிய வளவுகளில் பழைய வலையை யாரும் குப்பையென்று நினைத்ததில்லை. கரைவலை கிழிந்தால் பொத்துவார்கள். பொத்திச் சரிவராதபோது அது வீட்டுக்கு வரும். கச்சான் காற்று கிடுகைப் பிய்க்காதிருக்கக் கூரைக்கு மேல் விரித்து, மூலைகளில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். மிச்சம் கோழிக்கூட்டுக்கு, பாகல் பந்தலுக்கு, வேலிக்கு. கட்டடக்கலை என்று அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. (1978 நவம்பர் சூறாவளியில் வலை போட்ட கூரையும் போடாத கூரையும் ஒன்றாகத்தான் பறந்தன என்று மூத்தவர்கள் சிரிப்பார்கள். அது வேறு கதை.)

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிடுகு போய் ஓடும் தகரமும் வந்தன. வேலி போய் மதில் வந்தது. வலைக்கு வீட்டில் வேலையில்லை. இப்போது அது மணலில் புதைகிறது, அல்லது கடலுக்கே திரும்புகிறது. நைலோன் தண்ணீரில் தாழும். தாழ்ந்த வலை ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

வீட்டுப்படம் வரைவது என் தொழில். ஆகவே இது பற்றி வாசிப்பேன். 2012இல் பிலிப்பைன்ஸின் டனஜோன் திட்டுக் கிராமங்களில், இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்புக் கம்பனியும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து கழிவு வலையை வாங்கத் தொடங்கின. அது ஸ்லோவேனியாவுக்குப் போய், மூலப்பொருளாகப் பிரிந்து, மீண்டும் நூலாகி, அலுவலகத் தரைக்கு விரிப்பானது. இதில் பாதி வேலை தரம் பிரிப்பதுதான். பொலித்தீன் 130 பாகையளவில் உருகிவிடும். நைலோன்-6க்கு 220 வேண்டும். எங்கள் கரையில் வலை பொத்துகிறவர்கள் தொட்டுப் பார்த்தே இரண்டையும் பிரிப்பார்கள்.

வலையை வீட்டு முகப்பில் அழகுக்குத் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் நைலோன் நொறுங்கித் தூளாகும்; தூளும் கடலுக்குத்தான் போகும். இன்னொரு காரணமும் உண்டு. மாமியின் வீட்டுக்குப் படம் வரைந்தபோது விறாந்தை மறைப்புப் பற்றிக் கதை வந்தது.

"வலய எங்க வேணுமெண்டாலும் கட்டுங்க மகன். என்ட கண்ணுக்கு முன்னால மட்டும் வேணாம்."

அவரது இளைய மகனின் மையித்து மூன்றாம் நாள் தோணாவுக்குள் வலை சுற்றித்தான் கிடந்தது.

ஓட்டுக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே விரித்தோம். வெயில் படாது, கண்ணிலும் படாது. தேங்காய் விழுந்து ஓடு உடைந்தால் துண்டுகளைத் தாங்கும். மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஆர்ர வலை?" என்று மட்டும் கேட்டார்.