ஒரு சனி, ஞாயிறு, மூன்று ஊர், நீங்கள் இருவர்

“இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பதே அபூர்வம்.” வானொலியில் என்னோடு பேசும் இளம் தம்பதிகள் அடிக்கடி சொல்லும் குறை இது. அப்படி அபூர்வமாகக் கிடைக்கும் ஒரு சனி, ஞாயிறுக்குத்தான் இந்தத் திட்டம். விமான டிக்கெட் வேண்டாம். தங்குவது ஒரே இரவு, சி ரூசாவில்.

சனிக்கிழமை காலை சிரம்பானில் பசியாறுங்கள். இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது சியூ பாவ். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி வைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். மதியத்திற்கு மாசாக் லெமாக் சிலி அப்பி. தேங்காய்ப்பால், மஞ்சள், காந்தாரி மிளகாய் சேரும் இந்த மினாங்கபாவ் குழம்பின் காரம் நம் நாக்குக்கு அந்நியமில்லை. அங்கிருந்து லுக்குட் வழியாகக் கடற்கரைக்கு வாருங்கள். லுக்குட்டில் 1847இல் ராஜா ஜுமாட் கட்டிய கோட்டை இருக்கிறது.

தங்குவதற்கு ஏன் சி ரூசா? ஹோட்டல்களைத் தாண்டி உள்ளே போனால் செம்பனைத் தோட்டங்கள். ரப்பர் காலத்தில் நம்மவர்கள் வியர்வை சிந்திய வட்டாரம் இது. லயங்கள் மறைந்து வருகின்றன. அங்கு வாழ்ந்த கதைகளை நாம் சொன்னால்தான் உண்டு. தாத்தா எந்தத் தோட்டம், பாட்டி எத்தனை மணிக்குப் பால்மரம் வெட்டப் போனார் என்று மாலையில் கடலோரம் நடந்தபடி ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். கட்டிக்கொண்டவரின் குடும்பக் கதை நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது அப்போது புரியும். பிறகு ஈக்கான் பாக்கார். கைப்பேசி அறையிலேயே இருக்கட்டும்.

ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் தஞ்சோங் துவான் காட்டுக்குள் ஏறுங்கள். இப்போதுள்ள கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. பிப்ரவரி, மார்ச்சில் போனால் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் பருந்துக் கூட்டங்களைப் பார்க்கலாம். அடுத்து பெங்காலான் கெம்பாஸ். 1467ஆம் ஆண்டுக் கல்லறையும் ஆளுயர நடுகற்களும் அங்கே உள்ளன.

மதியம் மலாக்கா. தங்கக் கைவினைஞர் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸில், டச்சுக்காரர் காலத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. பள்ளிவாசலும் சீனக் கோயிலும் நடந்து போகும் தூரம்தான். இந்த ஆலயம் மலாக்கா செட்டிகளுடையது. வீட்டில் மலாய் பேசினாலும் பொங்கலையும் மாரியம்மனையும் விடாதவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளிடம் எது தங்கும், எது நழுவும்? குலா மலாக்கா ஊற்றிய செண்டோலைப் பகிர்ந்துகொண்டே இருவரும் பேசிப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: நேரம் போதாவிட்டால் ஓர் இடத்தை வெட்டுங்கள், அந்த மாலை நடையை வெட்டாதீர்கள்.