ஐந்துக்கு ஐந்து

சனிக்கிழமை காலை ஒன்பதரை. ஹைதராபாத், உஸ்மான் சாகர் ஏரியை ஒட்டிய சாலை. பாதிக் கார்கள் சில்க்கூர் பாலாஜி கோயிலுக்குத் திரும்புகின்றன. விசா கேட்டு வருபவர்கள் அங்கே 11 சுற்று சுற்றுவார்கள். கிடைத்தபின் மறுபடி வந்து 108. மீதிக் கார்கள் நேரே போகின்றன. சில மட்டும் மண்பாதையில் இறங்கி, பச்சை வலை கட்டிய ஒரு பெயின்ட்பால் மைதானத்தின் வாசலில் நிற்கின்றன.

வேப்பமரத்தடியில் ஒன்பது வண்டிகள். ஐந்தில் டிஎஸ் எண்பலகை. மூன்றில் புதிய டிஜி. ஒன்று டிஎன் 38. அது ஒரு பைக். ரயில் பார்சல் ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை.

பைக்கின் சொந்தக்காரன் ஒரு கோவைப் பையன். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்குகிறது. சனிக்கிழமை என்பது அதற்குத் தெரியாது.

மேஜைமேல் உறுதிமொழித் தாள்கள். இரண்டு பக்கம், பொடி எழுத்து. ஒன்பது பேர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்தாமவர் மேனேஜர். அவர் படிக்கிறார். இரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துப் பேனாவால் திருத்துகிறார். பிறகு கையெழுத்துப் போடுகிறார்.

ஹெச்ஆர் பெண் விளையாடவில்லை. அவள் கையில் போன் இருக்கிறது.

கொடிக்கயிற்றில் மேலங்கிகள். பச்சையும் பழுப்புமாகப் பட்டாள அச்சு. நேற்று துவைத்தவை. அக்குள் இன்னும் ஈரம். எல்லாம் ஒரே அளவு. உயரமானவனுக்குக் கணுக்கால் தெரிகிறது. குட்டையானவள் காலை மூன்று மடிப்பு மடிக்கிறாள்.

கோவைப் பையன் டெஸ்டிங் பிரிவு அக்காவின் பக்கத்தில் போய் நிற்கிறான். குரல் தணிகிறது.

"வலிக்குங்களாக்கா?"

"ரெண்டு நாள் நீலமா இருக்கும் தம்பி. அப்புறம் பச்சை. அப்புறம் மஞ்சள். அதோட சரி."

மார்ஷலுக்கு இருபது வயதிருக்கும். கழுத்தில் விசில். இடுப்பில் எலன் கீ. தெலுங்கு, உருது, ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசுகிறான். இன்றைக்கு இது அவனுக்கு இரண்டாவது கூட்டம். சொற்கள் தேய்ந்து வழவழப்பாக வருகின்றன.

மாஸ்க் தீயொத்து. களத்துக்குள் எக்காரணம் கொண்டும் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. மூச்சு முட்டினாலும். கண்ணாடி பனித்தாலும். மூக்கு அரித்தாலும். மூக்கு என்றதும் மூன்று பேர் மூக்கைத் தொட்டுக்கொள்கிறார்கள்.

துப்பாக்கி என்று ஒருவன் சொல்கிறான். மார்க்கர் என்று மார்ஷல் திருத்துகிறான். குழல் முனையில் ஒரு சிவப்புத் துணி உறை. களத்தை விட்டு வெளியே வந்தால் உறை மாட்டியிருக்க வேண்டும். அதன் கயிறு பின்புறம் கொளுவியிருக்க வேண்டும். அவனே மாட்டிக் காட்டுகிறான். கழற்றுகிறான். மாட்டுகிறான்.

மேஜை ஓரத்தில் வேகமானி. ஒவ்வொரு மார்க்கரிலிருந்தும் ஒரு குண்டு. எண் ஒளிர்கிறது. 262. 271. 258. போட்டிகளிலேயே விநாடிக்கு 300 அடிதான் உச்ச வரம்பு. ஏழாவது மார்க்கர் 304 காட்டுகிறது. கூட்டத்தில் ஓர் ஆரவாரம். எல்லோருக்கும் அது வேண்டும். மார்ஷல் எலன் கீயைத் திருகுகிறான். 266. ஆரவாரம் அடங்குகிறது.

ஆளுக்கு 40 குண்டு. குண்டு போடும் பெட்டியான ஹாப்பரில் 200 கொள்ளும். 40 போட்டால் அடியில் கலகலக்கிறது.

குண்டு ஒன்று மேனேஜரின் உள்ளங்கையில். 0.68 அங்குல விட்டம். மூன்று கிராம் எடை. ஒரு பாதி ஆரஞ்சு, மறுபாதி மஞ்சள். நடுவில் மெல்லிய தையல். உள்ளே தண்ணீரில் கரையும் சாயம். வெளியே ஜெலட்டின். மருந்துக் கேப்ஸ்யூலுக்கும் இதே கூடுதான். பாதி ஊர் மாத்திரை செய்யும் ஹைதராபாத்தில் இது யாருக்கும் புதிதில்லை.

"ஜெலட்டின் எதிலிருந்து எடுப்பது?" மேனேஜர் கேட்கிறார்.

"தின்னக் கூடாது சார்," என்கிறான் மார்ஷல்.

களம் தட்டை. மரமில்லை. சுற்றிலும் தக்காணத்துப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. களத்துக்குள் ஒரு கூழாங்கல்கூட இல்லை. பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். சர்வதேசக் களம் 150க்கு 120 அடி. இது அதில் பாதி வராது. காற்றடைத்த ரெக்ஸின் மறைப்புகள் நிற்கின்றன. இடப்பக்கம் தரையோடு நீண்டு கிடப்பது ஸ்நேக். வலப்பக்கம் முக்கோணங்கள், டொரிட்டோ. உருளைகள் கேன். நடுக்கோட்டில் ஒன்று, ஃபிஃப்டி. இந்தப் பாதியில் இருப்பதெல்லாம் அந்தப் பாதியிலும் இருக்கிறது. யாருக்கும் சலுகை இல்லை.

ஒரு கேன் இடுப்பு ஒடிந்து சாய்கிறது. ஒரு சிறுவன் ப்ளோயரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கேன் மெல்ல நிமிர்கிறது.

காடு, பள்ளம், பாழடைந்த வேன், கோட்டை என்று வேடிக்கை காட்டும் பெயின்ட்பால் வேறு. ராமோஜி ஃபிலிம் சிட்டியின் சாஹஸ் பகுதிக்குச் சுற்றுலா வருபவர்களும் பெயின்ட்பால் சுட்டுவிட்டுப் போகிறார்கள். இது ஸ்பீட்பால். இதில் ஒளிய அதிகம் இடமில்லை. வெளியே நிற்பவனுக்கு எல்லாம் தெரிகிறது. ஓர் ஆட்டம் சில நிமிடம். சிலருக்குச் சில விநாடி.

பெயின்ட்பாலின் முதல் ஆட்டம் 1981, ஜூன் 27. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷர் மாநிலம், ஹென்னிக்கர். பன்னிரண்டு பேர் ஒரு காட்டுக்குள் நுழைகிறார்கள். கையில் நெல்ஸ்பாட் 007. வெட்ட வேண்டிய மரத்துக்கும் பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்தே வண்ண அடையாளம் வைக்கச் செய்த கருவி. நான்கு இடங்களில் கொடி. நான்கு இடத்திலும் கொடி எடுத்து முதலில் வெளியே வருபவன் வென்றவன். பங்குத் தரகர் ஒருவர், எழுத்தாளர் ஒருவர் என்று பலரும் பதுங்குகிறார்கள், சுடுகிறார்கள். ரிச்சி ஒயிட் என்ற வனத்தொழிலாளி நான்கு கொடிகளோடும் முதலில் வெளியே வருகிறார். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

உஸ்மான் சாகர் பக்கம் முதல் ஆட்டம். விசில்.

கோவைப் பையன் நின்ற இடத்திலேயே சுடுகிறான். விரல் நிற்கவில்லை. எதிர்ப்பக்க வலையில் ஆரஞ்சு பூக்கிறது. வானத்தில் கொஞ்சம். தரையில் கொஞ்சம். பத்தாவது விநாடியில் ஹாப்பர் காலி. விரல் மட்டும் இன்னும் அழுத்துகிறது. காற்று துப்புகிறது.

தட்.

தோளில் ஆரஞ்சு. அவன் தோளைப் பார்க்கிறான். பிறகு சுட்டது யார் என்று பார்க்கிறான். பார்க்கும்போது தொடையில் இன்னொன்று.

"செய்யி பைகி!" கத்துகிறான் மார்ஷல். கை தாமதமாக மேலே போகிறது.

அவுட்டானவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வரிசை. அங்கே மாஸ்க் கழற்றக் கூடாது. பேசக் கூடாது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று சாடை காட்டக் கூடாது. பையன் உட்கார்கிறான். தொடையைத் தடவுகிறான். பக்கத்து ஸ்டூலில் அக்கா. அவளும் முழங்கையைத் தடவுகிறாள். அடுத்தவனும். ஒரே தாளத்தில் மூன்று கைகள்.

மேனேஜர் ஒரு டொரிட்டோவுக்குப் பின்னால் நிற்கிறார். முழு உயரத்துக்கும் நிற்கிறார். முக்கோணத்தின் உச்சிக்கு மேலே தலை. அந்தத் தலையை எதிர் அணியில் நான்கு பேர் பார்க்கிறார்கள். நால்வரும் அவருக்குத் தினமும் ஸ்டேட்டஸ் அனுப்புகிறவர்கள். மூன்று விநாடி ஒருவரும் சுடவில்லை.

பிறகு நால்வரும் சுடுகிறார்கள்.

மேனேஜர் கையைத் தூக்குகிறார். தூக்கிய கையிலும் ஒன்று.

"சாரி சார்!" என்கிறது ஒரு குரல். "தப்பா பட்டுடுச்சு சார்," என்கிறது இன்னொன்று. தெலுங்கில் ஒன்று. நான்காமவரின் சிரிப்பை மாஸ்க் மூடியிருக்கிறது. ஹெச்ஆர் பெண்ணின் போன் எல்லாவற்றையும் எடுக்கிறது.

இடைவேளை. ஒருவன் குனிந்து புல்லில் கிடக்கும் உடையாத குண்டுகளைப் பொறுக்குகிறான். கூடுதல் குண்டுக்குத் தனிக் காசு. பையில் ஏழு சேர்கிறது. மார்ஷல் பார்த்துவிடுகிறான். "நக்கோ பாய்." உள்ளங்கையைத் தட்டுகிறான். ஏழும் கீழே. பனி குடித்த குண்டு உப்பியிருக்கும். குழலுக்குள் உடையும்.

சொன்ன நேரம், அக்காவின் குழலில் ஒன்று உடைந்திருக்கிறது. சுட்டால் ஆரஞ்சு நீர் தெறிக்கிறது. குண்டு கோணலாகப் போகிறது. மார்ஷல் ஒரு கம்பியில் சுற்றிய துணியை நுழைத்து உருவுகிறான். துணி ஆரஞ்சு. மறுபடி நுழைக்கிறான். வெளிர் ஆரஞ்சு. மறுபடி. வெள்ளை. குழலைச் சூரியனுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான். திருப்பித் தருகிறான்.

கோவைப் பையன் நகராமல் நிற்கிறான். மார்ஷல் அவனை ஒரு கேனுக்குப் பின்னால் அழைத்துப் போகிறான்.

பையன் கேனைக் கட்டிப்பிடித்து நிற்கிறான். மார்ஷல் அவன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறான். மார்க்கரைக் கிடையாக வைத்து இடைவெளியை அளக்கிறான். மறைப்புக்கும் ஆளுக்கும் நடுவே குழல் திரும்ப இடம் வேண்டும். ஒட்டி நின்றால் முதலில் குழல் வெளியே நீளும். எதிரி அதைப் பார்ப்பான்.

மார்ஷல் செய்து காட்டுகிறான். ஒரு முழங்கால் தரையில். முழங்கை உடம்போடு. குழல் முன்பே நிமிர்ந்திருக்கிறது. இடுப்புக்கு மேலே மட்டும் பக்கவாட்டில் சாய்கிறான். ஒரு கண், குழல், ஒரு குண்டு. உள்ளே. ஒரு விநாடியும் ஆகவில்லை. அடுத்தமுறை அதே இடத்தில் தலை வரவில்லை. கீழே, தரையோரம் வருகிறது. மூன்றாவது முறை மறுபக்கம். மார்க்கர் இடக்கைக்கு மாறியிருக்கிறது. தூரத்தில் கம்பத்தில் கட்டிய தகரத்தில் மூன்று பொட்டு. மூன்றும் ஒரே உள்ளங்கைக்குள்.

வாடிக்கையாளர் ஆட்டத்தில் மார்ஷலுக்கு இடமில்லை.

பையன் செய்கிறான். தலை முதலில் வருகிறது, குழல் பிறகு. மறுபடி. இரண்டும் சேர்ந்து வருகின்றன. மறுபடி. முழங்கால் மண்ணில் வட்டம் போடுகிறது.

இரண்டாம் ஆட்டம். மேனேஜரும் பையனும் ஒரே அணி. மேனேஜர் ஃபிஃப்டியில் குத்தவைத்திருக்கிறார். குனியக் கற்றுக்கொண்டுவிட்டார். பையன் பின்னால், செங்கல் வடிவ மறைப்பில். ஸ்நேக் வழியாக ஒருவன் ஊர்ந்து வருகிறான். மேனேஜருக்குத் தெரியாது. பையனுக்குத் தெரிகிறது.

"சார், எக்ஸ்கியூஸ் மீ சார். ஒன் பர்சன் இஸ் கமிங் லெஃப்ட் சைட் சார்."

இரண்டாவது சாரில் மேனேஜரின் விலாவில் ஆரஞ்சு. மூன்றாவது சார் அவர் கையைத் தூக்கியபின் போய்ச் சேர்கிறது.

மேனேஜர் வெளியே நடக்கிறார். போகிறபோக்கில் பையனை ஒரு பார்வை பார்க்கிறார். மாஸ்க்கின் கண்ணாடி பனித்திருக்கிறது. பார்வை என்ன என்று தெரியவில்லை.

ஒருவன் மார்பைத் துடைக்கிறான். துடைத்த சாயம் உள்ளங்கையில். உள்ளங்கை பின்பாக்கெட்டில். மார்ஷல் விசில் ஊதுகிறான். ஐந்து ரூபாய் நாணயம் அளவு அப்பியிருந்தால் அவுட். தெறித்த புள்ளி கணக்கில்லை. துடைத்தால் அவுட்டுக்கு மேல் அவுட். துடைத்தவன் ஆடிட் பிரிவு.

மூன்றாம் ஆட்டம். வெயில் ஏறியிருக்கிறது. கூடுதல் குண்டு ஆளுக்கு 20. பையன் கணக்குப் பார்த்துச் சுடுகிறான். ஒன்று. நிறுத்தம். இரண்டு. நிறுத்தம். எதிர்க் கேனின் விளிம்பில் சாயம் வழிகிறது. அந்தக் கேனுக்குப் பின்னால் இருப்பவன் தலையை நீட்டவில்லை. அவன்மேல் ஒரு குண்டும் படவில்லை. அவன் நகரவும் இல்லை.

ஸ்நேக்கில் மறுபடி ஒரு முதுகு.

"லெஃப்ட்! லெஃப்ட்! ஸ்நேக்!" பையனின் தொண்டை கிழிகிறது. "படு! கீழ படு!"

தமிழ். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. படுக்கிறார். குண்டு அவர் முதுகுக்கு மேலே போகிறது. படுத்தவாறே இடக்கையால் சுடுகிறார். ஸ்நேக்கிலிருந்து ஒரு கை எழுகிறது.

"கோ! கோ! ஃபிஃப்டி போ!"

மேனேஜர் ஓடுகிறார். நாற்பத்தைந்து வயதுத் தொந்தி மேலங்கிக்குள் குலுங்குகிறது. ஃபிஃப்டிக்குப் பின்னால் சரிகிறார். முழங்காலில் செம்மண். பையன் கத்திக்கொண்டே இருக்கிறான். எத்தனை பேர் மிச்சம், யார் எங்கே, எப்போது ஓடலாம். சார் ஒரு இடத்திலும் வரவில்லை.

விசில். அவர்கள் அணி வென்றிருக்கிறது. மேனேஜரின் உறை கயிற்றில் தொங்குகிறது. மார்ஷல் பிடித்து மாட்டிவிடுகிறான்.

களத்துக்கு வெளியே மாஸ்க்குகள் கழல்கின்றன. நெற்றியில் நுரைப்பஞ்சின் கோடு, பத்துப் பேருக்கும் ஒரே இடத்தில்.

"சாரி சார், கொஞ்சம் கத்திட்டேன் சார்," என்கிறான் பையன் ஆங்கிலத்தில்.

"நோ நோ," என்கிறார் மேனேஜர். கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பாதி குடித்துவிட்டு நீட்டுகிறார். பையன் அதை இரண்டு கையாலும் வாங்குகிறான்.

சிறுவன் வாளியோடு வருகிறான். மாஸ்க்குகள் சோப்புத் தண்ணீரில். பிறகு மென்துணி. வெயில்படாத பலகையில் அடுக்குகிறான். கண்ணாடிகளில் மெல்லிய கீறல்கள். வாசலில் அடுத்த கூட்டத்தின் இன்னோவா.

ஷாமியானாவுக்குக் கீழே பிரியாணி டப்பாக்கள். மிர்ச்சி கா சாலன் ஒரு வாளியில். கூடுதல் குண்டுக் கணக்கை ஆடிட்காரன் போனில் பிரிக்கிறான். தன் பங்கில் ஒரு குண்டு அதிகம் என்கிறான். யாரும் நிமிரவில்லை. அக்கா முழங்கை நீலத்தைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறாள்.

பையன் டப்பாவை மூடிவைத்துவிட்டு மார்ஷலிடம் போகிறான். சொந்தமாக மார்க்கர் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறான்.

மார்ஷல் அவன் நெற்றிக் கோட்டைக் காட்டுகிறான். முதலில் மாஸ்க். இரட்டைக் கண்ணாடி வைத்தது. அது சீக்கிரம் பனிக்காது. அடுத்து முழங்கால் கவசம். அடுத்து குமிழ் வைத்த ஷூ. மார்க்கரை வாடகைக்கே எடுத்து ஆடு. விரல்விட்டு எண்ணுகிறான். நான்காவது விரல் கடைசி.

"அடுத்த சனிக்கிழமை?"

"பத்துப் பேர் வேணும் அண்ணா."

பையன் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு போடுகிறான். அடுத்த சனி, ஐந்துக்கு ஐந்து, யார் வருகிறீர்கள். குழுவில் இருபத்திரண்டு பேர். ஷாமியானாவுக்குக் கீழே போன்கள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுக்கின்றன. எடுத்துப் பார்க்கிறார்கள். திருப்பிக் கவிழ்த்து வைக்கிறார்கள். ஒருவர் தயிர்ப் பச்சடி கேட்கிறார்.

பதினேழு பேர் பார்த்துவிட்டார்கள். ஒரு வாக்கு. மேனேஜர்.